சுண்ணாம்புத் தண்ணீர்

நிறம் சீக்கிரமாக மாறிவிட்டது.

செம்மல் சோதனைக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். குளித்து முடித்த ஈரத்தோடு, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துக்கு நடுவே, வாரம் ஒருமுறை அவன் செய்கிற பூசை இது. தொட்டித் தண்ணீரைக் குப்பியில் எடுத்து ஒரு சிட்டிகைப் பொடியைப் போட்டுக் கலக்கினால் ரோஸ் நிறம் வரும். அதில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ரோஸ் போய் நீலம் வர எவ்வளவு மருந்து செலவாகிறதோ, தண்ணீரில் அவ்வளவு கால்சியம் இருக்கிறது என்று கணக்கு. வழக்கமாக மருந்து தீரப்போகிற நேரத்தில்தான் நீலம் தயங்கித் தயங்கி எட்டிப் பார்க்கும். இன்றைக்குப் பாதிகூட இறங்கவில்லை. அதற்குள் குப்பி முழுக்க நீலம்.

கால்சியம் குறைந்திருக்கிறது. குறைந்திருக்கிறது என்பது மரியாதையான வார்த்தை. யாரோ தின்றிருக்கிறார்கள்.

செம்மல் திருச்சியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். பெயர்தான் செம்மல், பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் 'சொட்டு'. நிறம் மாறுகிற அந்த ஒரு சொட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மணி அடித்ததுகூட அவனுக்குக் கேட்காது. முன்னந்தலையில் முடி கொட்டியபோது அந்தப் பெயருக்கு இன்னொரு நியாயமும் கிடைத்தது. அவனே அதைச் சொல்லிச் சிரிப்பான். சிரிக்க வைப்பது அவனுக்குத் தெரிந்த ஒரே மருந்து. அந்த மருந்து இந்த ஒரு மாதமாக அவன் வீட்டில் வேலை செய்யவில்லை.

தொட்டி, ஹாலில் டிவி இருந்த இடத்தில் இருந்தது. மூன்றடி நீளம். கீரனூரிலிருந்து குன்றாண்டார்கோவில் போகிற ரோட்டில், சுற்றிலும் பொட்டலும் பாறையுமாகக் கிடக்கிற இடத்தில், குடிதண்ணீருக்கே லாரியைப் பார்த்துக் காத்திருக்கிற தெருவில், ஒரு துண்டுக் கடல். அதற்குள் ஆரஞ்சும் வெள்ளையுமாய் இரண்டு கோமாளி மீன். செம்மலையும் சேர்த்தால் வீட்டில் மூன்று கோமாளிகள். போக, சில நத்தைகள், எலுமிச்சம்பழ அளவில் ஒரு பவளம், பின்பக்கக் கண்ணாடியை மறைத்து அடுக்கிய பாறைகள். நத்தைக்கு ஓடு கட்டவும் பவளத்துக்குக் கூடு கட்டவும் கால்சியம் வேண்டும். ஆனால் அத்தனையும் சேர்ந்து கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து தின்றாலும் இவ்வளவு தின்னாது.

மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். புதுசு வாங்கினான். மறுபடியும் அதே அவசர நீலம்.

தொட்டி அவனுடையதல்ல. மனைவி சுடர்விழியின் தம்பி கார்முகில் வாங்கி வைத்தது. திருச்சியில் வேலை கிடைத்ததும் அக்கா வீட்டோடு தங்க வந்தவன், முதலில் ஒரு பையோடு வந்தான், அப்புறம் கடலோடு வந்தான். "மச்சான், ஒங்க கெமிஸ்ட்ரிக்கு இப்பத்தான் ஒரு வேலை வந்துருக்கு" என்று சொல்லிச் செம்மலை அதில் இறக்கிவிட்டதும் அவன்தான். உப்பின் அடர்த்தி, கார அளவு, கால்சியம் என்று இரண்டு பேரும் குப்பிகளோடு உட்கார்ந்தால் சுடர்விழி தோசைக்கரண்டியோடு வந்து நிற்பாள்.

தீனி போடும்போது கார்முகில் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டுவான். டொக் டொக். மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். இடது கைச் சுண்டுவிரலால்தான் தட்டுவான். அந்த விரல் நடுவில் ஒடிந்து, கொக்கி மாதிரி உள்ளே வளைந்திருக்கும். நாலாம் வகுப்புப் படிக்கையில், ஓடுகிற டவுன் பஸ்ஸில், மழைச்சாரலுக்காகச் சுடர்விழி ஜன்னல் ஷட்டரை இழுத்துவிட்டபோது நசுங்கியது. தாய் இல்லாத வீடு. அன்றிலிருந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அவனை வளர்த்தாள்.

ஆடி மாதம், காற்று பேயாய் அடித்த ஒரு சாயங்காலம், மாத்தூர் தாண்டி ஒரு லாரி. அவ்வளவுதான்.

சொந்த ஊரான வல்லத்திராக்கோட்டையில் எரித்தார்கள். மறுநாள் காடாத்து. பாலைத் தெளித்துச் சாம்பலை ஆற்றி, சுடர்விழியின் பெரியப்பா வீரய்யா குனிந்து உட்கார்ந்து எலும்புகளைப் பொறுக்கிக் கலயத்தில் போட்டார். பால் பட்ட சூட்டுச் சாம்பலிலிருந்து ஒரு வாசம் எழுந்தது. அடிபிடித்த பால்பாயசமும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த மாதிரி. செம்மல் கையை மூக்குக்குக் கொண்டுபோகாமல் அடக்கிக்கொண்டான்.

"கால்லேருந்து எடுக்கணும் மாப்ள. தலை கடைசிலதான்" என்றார் வீரய்யா, யாரும் கேட்காமலே.

கீரனூர் வீட்டில் சுடர்விழி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சோறு இறங்கவில்லை, தண்ணீர்கூட இறங்கவில்லை. அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அந்த மீனுங்களையாச்சும் சாவ விடாதீங்க."

அந்த அமளியில் தொட்டியை யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் மங்கி, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பாதித் தண்ணீரையாவது மாற்ற வேண்டும். கடல் தண்ணீர் செய்கிற உப்புப் பொட்டலம் தீர்ந்திருந்தது. சென்னையிலிருந்து கூரியர் வருவதற்குள் மீன்களுக்கும் காடாத்துத்தான். அன்றைக்குத்தான் கலயத்தை எடுத்துக்கொண்டு வேன் மணமேல்குடிக் கடலுக்குக் கிளம்பியது. வேன் எப்படியும் கடலுக்குத்தானே போகிறது என்று செம்மலுக்குத் தோன்றியது. இரண்டு தண்ணீர் கேனை யாருக்கும் தெரியாமல் பின் சீட்டுக்கு அடியில் வைத்தான்.

அங்கே கடலுக்கு அலை கிடையாது. பெண்கடல் என்பார்கள். கரையோரம் முழுக்கச் சேறு. வெகுதூரம் உள்ளே நடந்தால்தான் தெளிந்த தண்ணீர் வரும், முழங்கால் நனையும். கலயத்தைக் கவிழ்த்தார்கள். சாம்பல் போகாமல் அங்கேயே ஒரு மேகம் மாதிரி நின்றது.

"முங்கிட்டுத் திரும்பிப் பாக்காம வாங்க" என்றார் வீரய்யா. "ஒண்ணையும் எடுத்துக்கிட்டு வரக் கூடாது. கால்ல ஒட்டுன மண்ணக்கூட ஒதறிட்டு வண்டில ஏறுங்க."

எல்லோரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். அதனாலேயே, பின்தங்கி நின்ற செம்மலை யாரும் பார்க்கவில்லை.

வேனில்தான் வீரய்யா கேனைப் பார்த்தார். "என்ன மாப்ள அது?"

"மீனுக்குத் தண்ணி, பெரியப்பா."

"கரைச்ச எடத்துலயா புடிச்சீங்க?"

"இல்ல இல்ல, அங்கிட்டுத் தள்ளி."

வீட்டுக்கு வந்து வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றினான். துணியில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் பொடி தங்கியது. கடல் மண்ணாக இருக்கும். துணியை உதறிப் போட்டான். சாயங்காலத்துக்குள் தண்ணீர் கண்ணாடியாய்த் தெளிந்தது. மீன்கள் கீழே இறங்கி ஒன்றையொன்று விரட்டின. சுடர்விழி எழுந்து வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம், "பசிக்குதுங்க" என்றாள்.

செம்மல் அடுப்படிக்குள் போய்க் கஞ்சியைச் சுடவைக்கிற சாக்கில் அழுது தீர்த்தான்.

அதிலிருந்து அந்தத் தொட்டி அவனுக்குச் சாமியாகிவிட்டது. அது உயிரோடு இருக்கிறவரைக்கும் சுடர்விழி சாப்பிடுவாள். அதனால்தான் கால்சியம் குறைந்தபோது அவனுக்கு அவ்வளவு பதற்றம். கடையில் நல்ல சுண்ணாம்பாக வாங்கிச் சுத்தத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து, மேல்தண்ணீரை மட்டும் ஒரு பாட்டிலில் கட்டித் தொங்கவிட்டு, குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய் வழியாகத் தொட்டிக்குள் சொட்டவிட்டான். ஆவியாகிப் போகிற தண்ணீருக்குப் பதிலும் ஆச்சு, கால்சியமும் ஆச்சு. டப். டப். ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஹாலில் நாள் முழுக்க அந்தச் சத்தம்.

எவ்வளவு சொட்டினாலும் போதவில்லை. அடுத்த வாரம் பாட்டிலைப் பெரிதாக்கினான். அதற்கடுத்த வாரம் இரண்டு பாட்டில். நீலம் அவசரப்பட்டுக்கொண்டேயிருந்தது.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் வைத்துப் பார்ப்போம் என்று தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோனான். உயிரியல் எடுக்கிற அன்புமொழி டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், வீட்டுத் தண்ணியா? ஒங்க முடி கொட்டுறதுக்குக் காரணம் கண்டுபுடிக்கிறீங்களா?"

"அது கண்டுபுடிச்சாச்சு டீச்சர், பத்தாம் வகுப்பு பி செக்‌ஷன்" என்றான். விஷயத்தைச் சொன்னான்.

அவர் கணக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இவ்ளோ சுண்ணாம்பா? வீட்ல யாரு சார் எலும்பு வளக்குறது?"

செம்மலும் சிரித்தான். பஸ்ஸில் வரும்போது அந்தச் சிரிப்பு எங்கேயோ இறங்கிப்போயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதலில் பார்த்தான். பின்பாறையின் இடுக்கில், கோலமாவு சிந்தின மாதிரி ஒரு வெள்ளை. சில புழுக்கள் தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பில் குழாய் கட்டிக்கொள்ளும். அதுவாக இருக்கும் என்று விட்டான். அடுத்த ஞாயிறு அது நீண்டு வெளியே வந்திருந்தது. முருங்கைக்காய்த் தடிமன்கூட இல்லாத வெள்ளைக் குச்சிகள், பக்கத்தில் பக்கத்தில், ஒரே வேரிலிருந்து. மீன்கள் அந்தப் பக்கமே போகவில்லை. முன்மூலையில் ஒண்டிக்கொண்டு, துடுப்புகளை மட்டும் அசைத்துக்கொண்டு, இரண்டும் ஒரே திசையைப் பார்த்து நின்றன.

மூடியைத் திறந்தான். கடல் வாசம் வரவில்லை. அடிபிடித்த பாலும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாசம் முகத்தில் அடித்தது.

நீளமான இடுக்கியை விட்டு ஒரு குச்சியை ஒடிக்கப் பார்த்தான். கல். இடுக்கி வழுக்கிய இடத்தில் பாசி விலகி உள்ளே தெரிந்தது. குச்சி ஒரே குச்சியாக இல்லை. இடையிடையே மூட்டு.

"அத ஏங்க நோண்டுறீங்க?"

சுடர்விழி அடுப்படி வாசலில் நின்றாள். குரலில் கோபம் இல்லை. தூங்குகிற பிள்ளையைத் தொடாதே என்கிற மாதிரி ஒரு அடக்கம். "அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"என்னன்னு தெரியுமா ஒனக்கு?"

அவள் சிரித்தாள். இரண்டு மாதத்தில் அவள் சிரித்து அவன் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்காகவே அவன் மேலே கேட்கவில்லை.

குனிந்து இடுக்கியைக் கழுவும்போது பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக இன்னொரு முறை பார்த்தான். ஐந்து குச்சிகள். சின்னப் பிள்ளையின் கை அளவு. ஓரத்தில் இருந்தது நடுவில் ஒடிந்து, கொக்கி மாதிரி உள்ளே வளைந்திருந்தது.

அன்றைக்குப் பகல் முழுக்க அவன் வாசலில் உட்கார்ந்திருந்தான். தண்ணீரையெல்லாம் இறைத்துப் பொட்டலில் கொட்டிவிடலாம். கொட்டிவிட்டு? போன மாதம் விளக்கு பழுதாகி ஒருநாள் தொட்டி இருட்டாகக் கிடந்தபோது, சுடர்விழி போட்ட சோற்றைத் தொடாமல் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவளை மறுபடியும் அந்தச் சுவரிடம் கொடுக்க அவனால் முடியாது. அதனால் வாத்தியார் புத்தியில் ஒரு வழி யோசித்தான். தீனி கொடுப்பதால்தானே வளர்கிறது. நிறுத்திவிட்டால்?

சுண்ணாம்புத் தண்ணீர் பாட்டிலில் வெறும் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டான். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. டப். டப். பட்டினி.

வார முடிவில் பயந்துகொண்டே சோதித்தான். சொட்டு விழுந்தது, ரோஸ். இன்னும் சொட்டு, ரோஸ். மருந்து தீரப்போகிற நேரத்தில், பழைய நாள் மாதிரியே, நீலம் தயங்கித் தயங்கி வந்தது. கால்சியம் முழு அளவில் இருந்தது. செம்மல் குப்பியை வைத்துவிட்டு ஹாலிலேயே ஒரு சுற்று ஆடினான். தின்பது நின்றுவிட்டது. செத்துவிட்டது, அது எதுவாக இருந்தாலும்.

அந்தச் சந்தோஷத்தில் அவன் பாறைப்பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், மணிக்கட்டு வரை வந்திருந்தது தெரிந்திருக்கும்.

சுடர்விழிக்குத்தான் உடம்பு சரியில்லை. தேங்காய் துருவும்போது நகம் காகிதம் மாதிரி மடங்கியது. டம்ளர் கையிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில், "அரிசில கல்லு" என்று அவள் எடுத்துத் தட்டோரம் வைத்ததைக் கழுவப்போன செம்மல் பார்த்தான். கல் இல்லை. கடைவாய்ப் பல். வலிக்கவே இல்லை என்றாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கால்சியம் ரொம்பக் குறைச்சல் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"நம்ம வீட்ல ராசி அப்படி" என்று செம்மல் பஸ்ஸ்டாண்டில் சொன்னான். "மொதல்ல தொட்டிக்கு, இப்ப ஒனக்கு. அடுத்து எனக்குத்தான்."

அவள் சேலைத் தலைப்பை இழுத்து வலது கையை மூடிக்கொண்டாள். அதற்கு முன்னால் அவன் பார்த்துவிட்டான். மணிக்கட்டுக்கு மேலே, கையைச் சுற்றி, வளையல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. உப்பு பூத்து உலர்ந்த கோடு.

"கண்ணாடி தொடச்சேன்" என்றாள்.

அடுத்த வாரம் அந்தக் கோடு முழங்கைக்குக் கீழே இருந்தது. அதற்கடுத்த வாரம் முழங்கைக்கு மேலே.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள். வானம் விடியவே இல்லை. செம்மல் தன் வெற்றியைக் காட்டுவதற்காகத் தொட்டித் தண்ணீரை மறுபடியும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிருந்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சோதித்தான். முன்னைவிட அதிகமாகவே இருந்தது.

"எப்பலேருந்து சுண்ணாம்பு கொடுக்கல?" என்று கேட்டார் அன்புமொழி டீச்சர்.

"ஆச்சு, ஒரு மாசத்துக்கு மேல."

"தண்ணி மாத்துனீங்களா?"

"இல்ல."

அவர் சோற்றை உருட்டியபடியே சொன்னார். "கொடுக்கவும் இல்ல, கொறையவும் இல்லன்னா என்ன சார் அர்த்தம்? நீங்க கொடுக்கல. வேற யாரோ கொடுக்குறாங்க."

விளையாட்டாகத்தான் சொன்னார். செம்மல் கையில் இருந்த குப்பியைக் கீழே வைத்தான். தட்டோரத்தில் வைத்த பல். காகிதமாய் மடங்கிய நகம். மணிக்கட்டு. முழங்கை. வாரத்துக்கு வாரம் மேலேறிய வெள்ளைக் கோடு.

போன் அடித்தது. சுடர்விழி.

"என்னங்க, கரண்டு இல்ல. இன்னக்கி மாசாந்திர சட்டவுனாம், சாயங்காலந்தான் வருமாம்."

"தொட்டி மோட்டாரு நின்னுருச்சா?"

"ம். ஆனா தண்ணி ஆடுது."

மழைச் சத்தத்தில் அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று அவனே தன்னிடம் சொல்லிக்கொண்டான். "சுடரு, தொட்டிக்கிட்டப் போகாத. நா இப்ப வாரேன்."

"நீங்க எதுக்குங்க மழையில அலையுறீங்க? நா பாத்துக்குவேன். அவன் வெரலப் புடிச்சுக்கிட்டா போதும். சின்னதுலயே அப்படித்தான், பேசாம தூங்கிருவான்." பேச்சு குழைந்திருந்தது. பல் கட்டிக்கொள்ளாத கிழவிகளின் வாய் மாதிரி வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டின. "இன்னும் கொஞ்சந்தாங்க பாக்கி."

"என்ன பாக்கி? சுடரு? என்ன பாக்கி?"

போன் எங்கேயோ கீழே விழுந்தது. இணைப்பு அறுபடவில்லை. அதற்குள்ளிருந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது மாதிரி, சத்தம் வந்தது.

டொக் டொக்.

பர்மிஷன் கேட்டானா, கேட்காமலே வந்தானா, ஞாபகம் இல்லை. பஸ்ஸில் ஷட்டர்களையெல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே ஈரத்துணி வாசமும் இருட்டும். ஒவ்வொரு குலுக்கலிலும் ஷட்டர்கள் கடகடத்தன. அவன் இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டான். மாத்தூரில் பஸ் நின்றது. யாரும் ஏறவில்லை. யாரும் இறங்கவும் இல்லை. கண்டக்டர் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துவிட்டு விசில் அடித்தார். கீரனூரில் இறங்கி ஓடினான். தெருவில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே ஓடியது, அலையில்லாத தண்ணீர், அதில் எட்டி எட்டிக் கால் வைக்கும்போது அந்தக் கடலில் நடந்த ஞாபகம் வந்தது. அன்றைக்குத் திரும்பிப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான்.

கதவு சாத்தியிருந்தது. தாழ் போடவில்லை.

உள்ளே மோட்டார் இரைச்சல் இல்லை. அந்த வீட்டில் அவனுக்குப் பழகிப்போன அந்த இரைச்சல் இல்லாமல், வீடு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. பாட்டிலிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும். டப். டப். அடிபிடித்த பால். ஈரச் சுண்ணாம்பு. சாம்பல்.

"சுடரு?"

தண்ணீர் சலசலத்தது.

போன் டார்ச்சைப் போட்டான்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முதுகு அவன் பக்கம். மூடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தாள். வலது கை தோள்வரை தண்ணீருக்குள். தலை தொட்டி விளிம்பில் சாய்ந்திருந்தது, மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்தவள் மாதிரி.

வெளிச்சம் கண்ணாடிக்குள் போனது.

அவள் கை தண்ணீரில் தொங்கியது. தொங்கவில்லை. ஆடியது. துவைக்கப் போட்ட சட்டைக் கை மாதிரி, தட்டையாக, மடிந்து மடிந்து. அதன் நுனியை ஒரு வெள்ளைக் கை பிடித்திருந்தது. வளைந்த சுண்டுவிரல் அவளுடைய விரலில் கொக்கியாய் மாட்டியிருந்தது.

பாறைகள் சரிந்து கிடந்தன. அவை மறைத்துவைத்திருந்தது இப்போது தெரிந்தது. மூலையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, நாலாம் வகுப்புப் பையன் அளவில், உட்கார்ந்திருந்தது. பாதம். முழங்கால். அடுக்கடுக்காய் விலா. கழுத்து.

கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.

செம்மல் அவளை இழுத்தான். தோளைப் பிடித்தான், தோள் இல்லை. பிசைந்த மாவு. அவள் முகத்தைத் தாங்கிப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான். தாடை அவன் உள்ளங்கையின் வடிவத்துக்கு அமுங்கி, அப்படியே நின்றது. கண்கள் மட்டும் பழைய கண்கள். அதில் பயம் இல்லை. மூன்று மாதமாக அவன் கொண்டுவரப் பார்த்த அந்தச் சந்தோஷம், முழுசாக, அங்கே இருந்தது.

"வந்துட்டீங்களா" என்றாள். "தலை... கடைசிலதாங்க."

"வேணாம் சுடரு. வேணாம்மா. வா. வந்துரு."

அவன் இழுத்தான். அந்தப் பக்கமிருந்து அவளைப் பிடித்திருந்தது விடவில்லை. இழுக்கவும் இல்லை. சும்மா பிடித்திருந்தது. சின்னப் பிள்ளை பிடித்துக்கொள்வது மாதிரி.

பிறகு அதன் இன்னொரு கை எழுந்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தது.

டொக் டொக்.

முன்மூலையில் ஒண்டியிருந்த இரண்டு மீன்களும் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன.

செம்மலின் கைகளுக்குள் இருந்த முகமும் தண்ணீர்ப் பக்கம் திரும்பியது. கழுத்தில் எலும்பில்லாமல், முழுசாக, பின்பக்கம் வரை. திரும்பி, மெதுவாக வாயைத் திறந்தது.